அரிப்புக்கு லீவு கிடைக்குமா?

தலைவலி என்று லீவு லெட்டர் எழுதலாம். வயிற்றுப்போக்கு என்றுகூடக் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதிவிடலாம். 'உடம்பெல்லாம் அரிக்கிறது, ஆகவே மூன்று நாள் விடுப்பு வேண்டும்' என்று ஒரு லெட்டர் எழுதி உங்கள் மேனேஜர் மேஜையில் வைத்துப் பாருங்கள். லீவு கிடைக்கிறதோ இல்லையோ, சிரிப்பு நிச்சயம் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு கேன்டீனில் உங்கள் பேச்சுதான்.

வலிக்கு நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், 'பாவம், ராத்திரி பூரா தூங்கலையாம்' என்று நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அரிப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் பேச்சையே கவனியுங்கள். வலியப் போய் வம்பிழுக்கிறவனை 'அரிப்பெடுத்து அலையறான்' என்கிறோம். அதிகாரிக்கு ஜால்ரா போடுகிறவன் 'சொறிஞ்சு விடறான்'. தெருவில் கல்லால் அடித்து விரட்டப்படுவது 'சொறிநாய்'. அந்த நாய்க்கு வந்திருப்பதும் ஒரு வியாதிதான், மருந்து கொடுத்தால் சரியாகும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த வாரம் அரிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு அப்புறம் வரலாம். படிக்கப் படிக்க உங்களுக்கே எங்காவது அரிக்கத் தொடங்கினால் பயப்படாதீர்கள். கொட்டாவி மாதிரி, அரிப்பும் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும், பேச்சைக் கேட்டாலே தொற்றிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கொசு கடித்து அரிப்பது வேறு. ஆறு வாரத்துக்கு மேலும் விடாமல் நீடித்தால் அதை நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள் டாக்டர்கள். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சோரியாசிஸ், கரப்பான் என்று நம் பாட்டிகள் சொன்ன எக்ஸிமா இதெல்லாம் ஒரு வகை. தோலில் ஒரு நோயும் இல்லாமல், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வரும் அரிப்பு இன்னொரு வகை. பகலில் வேலையில் மறந்திருக்கும். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். விடியும்போது பெட்ஷீட்டில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். உயிர் போகாது. ஆனால் தூக்கம் போகும், வேலையில் கவனம் போகும், கல்யாண வீட்டுக்குப் போகிற ஆசை போகும்.

இத்தாலியக் கவி தாந்தே இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் எழுதிய நரகத்தில் நெருப்பு உண்டு, பனிக்கட்டி உண்டு. போலித் தங்கம் செய்து ஊரை ஏமாற்றிய ரசவாதிகளுக்கு அவர் கொடுத்த தண்டனையோ தீராத அரிப்பு. நகத்தால் தங்கள் பொருக்கைத் தாங்களே பிய்த்துக்கொண்டு முடிவில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நரகத்தில் வைக்கும் அளவுக்குப் பெரிய துன்பம் என்று ஒரு கவிஞருக்குத் தெரிந்தது, நம் லீவு ரிஜிஸ்டருக்குத் தெரியவில்லை.

1660-ல் ஸாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய டாக்டர் அரிப்புக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். சொறியத் தோன்றவைக்கும் சங்கடமான உணர்வு எதுவோ அதுதான் அரிப்பு என்றார். ஏதோ விடுகதை மாதிரி இருந்தாலும் இன்றுவரை டாக்டர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். இதில் இரண்டு பகுதி இருக்கிறது. உணர்வு ஒன்று, சொறிவது இன்னொன்று. முதலாவது தானாக வருகிறது, அதை யாரும் தடுக்க முடியாது. இரண்டாவதை, கஷ்டப்பட்டாவது, தடுக்கலாம். சொறிந்தால் தோல் புண்ணாகும், புண்ணானால் இன்னும் அரிக்கும், அரித்தால் இன்னும் சொறியத் தோன்றும். அதனால்தான் டாக்டர், அம்மா, மனைவி எல்லோரும் சேர்ந்து ஒரே வார்த்தை சொல்கிறார்கள்: 'சொறியாதே!'

சரி, சொறியாமல் வேறென்ன செய்வது? களிம்பு, மாத்திரை, ஊசி எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு ஒரு விசித்திரமான வைத்தியமும் இருக்கிறது. வெளிச்சம்.

இது புதுசு இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று ஒரு விதை விற்கிறார்கள். அதை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரவைப்பது வெண்புள்ளிக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வைத்தியம். எகிப்தில் வேறொரு செடியை வைத்து இதையே செய்தார்கள். இரண்டு செடியிலும் இருப்பது ஸோரலென் என்ற ஒரே குடும்பத்து ரசாயனம். அது தோலை வெயிலுக்குக் கூர்மையாக்கிவிடும். 1974-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் அந்த ரசாயனத்தை மாத்திரையாகக் கொடுத்து, வெயிலுக்குப் பதிலாக விளக்கு வெளிச்சத்தில் நிற்கவைத்து, சோரியாசிஸ் அடங்குவதைக் காட்டினார்கள்.

அதற்கும் முன்னால் டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்ஸன் என்று ஒருவர். முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்கு அவர் வெளிச்சத்தைக் குவித்துச் சிகிச்சை கொடுத்தார். 1896-ல் கோபன்ஹேகனில் அதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவரே தீராத நோயாளி, அடுத்த வருடம் 43 வயதில் இறந்துபோனார்.

இப்போது பெரும்பாலும் பயன்படுவது இன்னும் எளிய முறை. சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 311 நானோமீட்டர் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். டெலிபோன் பூத் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே சுற்றிலும் ஆளுயர டியூப்லைட்டுகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மறைக்க வேண்டிய இடத்தில் துணி. கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் நாள் சில விநாடிகளிலேயே முடிந்துவிடலாம். தோல் தாங்குவதைப் பார்த்து நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சில நிமிஷங்கள்வரை போவார்கள்.

சோரியாசிஸில் உடம்பின் காவல்படை அணுக்கள் தவறாகத் தோலின் மீதே பாய்கின்றன. சாதாரணமாகத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இவர்களுக்குச் சில நாளிலேயே அந்த வேலை நடந்து, செதில் செதிலாக உதிர்கிறது. இந்த வெளிச்சம் அந்தக் காவல்படையின் கொட்டத்தை அடக்குகிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்பும் புற ஊதா வெளிச்சத்தால் தணிகிறது என்று 1977-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உடனே உங்களுக்குத் தோன்றும்: 'இதுக்கு எதுக்குப் பெட்டி? நம்ம ஊர்ல இல்லாத வெயிலா? மொட்டை மாடிக்குப் போனாப் போதாதா?' போதாது. வெயிலில் எல்லாக் கதிரும் கலந்திருக்கிறது, அளவு கிடையாது. வேர்த்தால் அரிப்பு அதிகமாகும். தோல் வெந்துபோனால் சோரியாசிஸ் அந்த இடத்திலேயே புதிதாக முளைக்கும். இது டாக்டர் அளந்து கொடுக்க வேண்டிய வெளிச்சம். லூபஸ் மாதிரி வெயிலே ஆகாத நோய் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய முறையை நீண்ட காலம் எடுத்துக்கொண்டால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால்தான் மாத்திரை இல்லாத முறைக்கு மாறினார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது நோயை வேரோடு பிடுங்காது. பல பேருக்கு, நிறுத்திச் சில மாதங்களில் மெதுவாகத் திரும்பி வரும்.

இங்கேதான் முதல் தர்ம சங்கடம். 'மறுபடி வரப்போறதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? உயிர் போற நோய்க்காரங்களே வரிசைல நிக்கறாங்களே!' நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் மூக்குக் கண்ணாடி போட்டதால் யார் கண்ணாவது குணமாகியிருக்கிறதா? கழற்றினால் மறுபடி மங்கல்தான். அதற்காகக் கண்ணாடி வீண்செலவு என்று யாரும் சொல்வதில்லை. யார் முதலில் சாவார் என்று பார்த்து வரிசை வைப்பது கேஷுவாலிட்டியில் சரி. அங்கே கணக்கு மணி நேரத்தில். வாழ்க்கை முழுக்க அந்த வரிசையையே வைத்தால், சாகாத துன்பம் எதற்கும் எந்தக் காலத்திலும் டோக்கன் கிடைக்காது. இருபது வருடம் ராத்திரித் தூக்கம் இல்லாதவன் கடைசிவரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது சங்கடம், நேரம். நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று வரவு எழுதிப் பார்க்கிற புத்தி. வாரத்துக்கு மூன்று தடவை, பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 தடவை. ஒரு தடவைக்குச் சராசரி ஐந்து நிமிஷ வெளிச்சம் என்றாலும் மொத்தமே மூன்று மணி நேரம். மூன்று மாதத்தில் ஒரு சினிமா பார்க்கிற நேரம்! ஆனால் பஸ் பிடித்துப் போக, சீட்டு வாங்கிக் காத்திருக்க, திரும்பி வர என்று ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகிறது. 36 அரை நாள், அதாவது 18 முழு நாள். எந்த ஆபீஸ் கொடுக்கும்? தினக்கூலிக்காரருக்கு 18 நாள் சம்பளத்தை யார் கொடுப்பது? பல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. வெளிச்சத்துக்குக் காசில்லை என்றாலும் போய்வர அனுமதிக்கு இருக்கிறது.

இது என் மனக்கணக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் சோரியாசிஸ் உள்ள 783 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2024-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே விளக்கு, பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தோல் முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ தெளிந்தவர்கள் வீட்டுக்காரர்களில் நூற்றுக்கு 33 பேர், ஆஸ்பத்திரிக்காரர்களில் 26 பேர். சொன்னபடி தவறாமல் செய்தவர்கள்? வீட்டில் நூற்றுக்கு 51, ஆஸ்பத்திரியில் வெறும் 16. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகளா? வெளிச்சம் அதேதான். வாழ்க்கை விடவில்லை.

மூன்றாவது சங்கடம் நம் ஊருக்கே உரியது. இந்தச் சிகிச்சையில் தோல் கொஞ்சம் கறுக்கும். நிறுத்தினால் மெள்ளப் பழைய நிறம் வரும். ஆனாலும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் வீட்டில் பஞ்சாயத்து கூடும். 'கறுத்துப் போயிட்டா யாருடி கட்டிப்பா?' அந்தப் பெண் ராத்திரி தூங்குகிறாளா என்று கேட்பதற்கு முன்னால், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எப்படி இருப்பாள் என்று கேட்டுவிடுகிறோம். அவள் தோல் அவளுடையது என்பதே மறந்துபோகிறது.

பார்க்கிறவர்கள் கண்! பிரச்னை மொத்தமும் அங்கேதான் போய் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சோரியாசிஸ். மே மாதக் கத்தரி வெயிலிலும் மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை, பட்டன் போட்டபடி. ஆபீஸில் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அவர் தொட்ட பேனாவை ஒரு விநாடி யோசித்துத்தான் எடுப்பார்கள். டீ வந்தால் அவருக்குப் பேப்பர் கப். பிரசாதம் கொண்டுவந்தால் அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள், எடுத்துக் கொடுப்பார்கள். இப்படி எல்லாமே ரொம்ப மரியாதையாக நடக்கும். அவரும் புரிந்துகொண்டு வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்.

எந்த உடம்புக்கு வெளிச்சம் மருந்தோ, அந்த உடம்பை இழுத்துப் போர்த்தச் சொல்கிறோம். வாரத்துக்கு மூன்று தடவை ஒரு பூட்டிய பெட்டிக்குள் மட்டும்தான் அவர் சட்டை இல்லாமல் வெளிச்சத்தில் நிற்கிறார். அங்கே அவரைப் பார்க்க யாரும் இல்லை என்பதால்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக்குக்கும் சின்ன வயதிலிருந்தே சோரியாசிஸ். வெயில் பட்டால் அடங்கும் என்பதற்காகவே கடற்கரை ஊரில் குடியிருந்தார், குளிர்காலத்தில் கரீபியத் தீவுகளுக்குப் போனார். ஒரு கட்டத்தில் வெயிலும் கைவிட்டது. பிறகு பாஸ்டனில் விளக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1989-ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதற்காகவே ஒரு நீண்ட கட்டுரை ஒதுக்கியிருக்கிறார். நாலு பேர் முன்னால் நிற்க வேண்டாத தொழில் என்பது எழுத்தை எடுத்துக்கொண்டதற்கே ஒரு காரணம் என்கிறார். அவர் பெரிய எழுத்தாளர், தொழிலைத் தோலுக்கேற்ற மாதிரி அமைத்துக்கொள்ள முடிந்தது. பஸ் கண்டக்டர் என்ன செய்வார்? பரோட்டா மாஸ்டர்? ஐந்தாம் வகுப்பு டீச்சர்?

இப்போது நீங்கள் கேட்கலாம்: 'சார், வேணும்னா செய்யறோம்? பார்த்ததும் உடம்பு தானா கூசுது. அதுக்கு நான் என்ன பண்ண?'

ஒப்புக்கொள்கிறேன். கூச்சம் தானாகத்தான் வருகிறது. செதிலையும் புண்ணையும் கண்டால் விலகு என்று மனித மூளை பழகியிருக்கிறது. அதிலே ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. சிரங்கு மாதிரி உண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும் தோல் நோய்கள் உண்டு. ஆரம்பத்தில் சொன்னேனே, ஒருவர் சொறிவதைப் பார்த்தாலே நமக்கும் அரிக்கும் என்று! அதுவும் இந்தப் பழைய எச்சரிக்கை மணிதான் போலிருக்கிறது. மணி அடிப்பது உங்கள் குற்றம் இல்லை.

ஆனால் ஹாஃபன்ரெஃபர் சொன்ன இரண்டு பகுதியை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். உணர்வு ஒன்று, சொறிவது இன்னொன்று. கூச்சம் வருவது அரிப்பு மாதிரி. முகம் சுளிப்பது, நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போடுவது, பேப்பர் கப்பில் டீ கொடுப்பது... இதெல்லாம் சொறிவது மாதிரி. சொறிந்தால் நமக்கு ஒரு விநாடி சுகம். புண் மட்டும் எதிராளிக்கு.

இருபது வருடமாக, நடு ராத்திரியில், ரத்தம் கட்டிய விரலோடு இருக்கிறவனிடம் போய் 'சொறியாதே, கட்டுப்படுத்திக்கோ' என்று புத்தி சொல்கிறோம். அவனுக்கு நரம்பே தீப்பிடித்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் கையை அடக்க வேண்டும் என்கிறோம். நமக்கு வருவது ஒரு நிமிஷக் கூச்சம். அதை அடக்கச் சொன்னால் மட்டும் 'தானா வருது, என்ன பண்ண?' என்கிறோம். நோயாளியிடம் நாம் கேட்கிற கட்டுப்பாட்டில் நூற்றில் ஒரு பங்கை நம்மிடம் நாமே கேட்டுக்கொள்வதுதானே நியாயம்?

சோரியாசிஸ் ஒட்டாது, எக்ஸிமா ஒட்டாது, வெண்புள்ளி ஒட்டாது. தொட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது. 2014-ல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு சோரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானமே போட்டது. தொற்றாத நோய் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தெரிந்துகொள்வதால் மட்டும் கூச்சம் போய்விடாது. பல்லி விஷமில்லை என்று தெரிந்தவர்களும் பல்லி மேலே விழுந்தால் அலறத்தான் செய்கிறார்கள். கூச்சத்தைக் குறைப்பது பழக்கம்தான். அதுவும் அந்த வெளிச்சச் சிகிச்சை மாதிரியே. முதல் நாள் சில விநாடிகள். முகத்தைத் திருப்பாமல் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அடுத்த தடவை கை கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் தோல் கண்ணில் படுவது குறைந்து ஆள் தெரிய ஆரம்பிப்பார்.

அதற்காக, 'அய்யோ பாவம், எத்தனை நாளா இருக்கு? வேப்பிலை அரைச்சுப் பூசினீங்களா?' என்று அக்கறை மழை பொழிய வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் இந்த இலவச ஆலோசனையைக் கேட்டுக் கேட்டு அவர்கள் காதும் செதில் உதிர்ந்து போயிருக்கும். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கிரிக்கெட் பேசுங்கள்.

நீங்கள் மேனேஜராக இருந்தால் உங்களுக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. உங்கள் ஆபீஸிலும் ஒரு முழுக்கைச் சட்டை இருக்கலாம். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டு அவர் உங்கள் முன்னால் வந்து நிற்கலாம். காரணம் சொல்லத் தயங்குவார். துருவாதீர்கள். மூன்று மாதம்தான். மாலையில் ஈடுகட்டச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கணக்குப்படி பார்த்தாலும் ராத்திரி தூங்கிவிட்டு வருகிறவர் எழுதும் பேரேட்டில் தப்பு குறைவாகத்தான் இருக்கும்.

மேனேஜர் இல்லாத மற்ற எல்லோருக்கும் நாளைக் காலையிலேயே ஒரு சந்தர்ப்பம் வரக்கூடும். பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ நல்ல கூட்டம். ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்ததும் அது ஏன் காலி என்று புரிந்துவிடும். உள்ளுக்குள் கூசும். கூசட்டும். உட்காருங்கள்.